கை தூக்காத அம்மாவைக் கடவுள் அழைக்கவில்லை என்று சொல்ல நீங்கள் யார்?

அந்தச் செபக்கூட்டக் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நேற்று முழுக்க என் உள்பெட்டிக்கு அதுதான் வந்துகொண்டிருந்தது. "ஆண்டவருடைய குரலைக் காதால் கேட்டவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார் வந்திருந்த போதகர். பாதிக்கு மேல் தூக்கினார்கள். தூக்காமல் இருந்த ஒரு அம்மாவிடம் மைக்கோடு போய், "உங்களுக்கு அவர் இன்னும் தம்மை வெளிப்படுத்தவில்லை, குடும்பத்தில் ஏதோ தடை இருக்கிறது, அறிக்கையிடுங்கள்" என்றார். அந்த அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு குனிந்தபடி இருந்தார். காணொளிக்குக் கீழே வரிசையாக ஆமென்.

அவருடைய மகன் 2009 மே மாதத்துக்குப் பிறகு வீடு வரவில்லை. அது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கை தூக்கியவர்களுக்கும் தெரியும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். குரல் கேட்காதவரைக் கடவுள் அழைக்கவில்லை என்று சொல்ல எந்த மனிதருக்கும் உரிமை இல்லை. போதகருக்கும் இல்லை, பாதருக்கும் இல்லை.

வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். எருசலேமில் இருந்து 11 கிலோமீற்றர் தூரத்தில் இருந்த எம்மாவுக்குப் போன இரண்டு சீடர்களும் வழியில் உயிர்த்த ஆண்டவரோடு நடந்தார்கள். வழி நெடுக அவர் பேசினார், மறைநூலை விளக்கினார். காதால் கேட்டார்கள், பதில் சொன்னார்கள், ஆனாலும் அவர் யாரென்று தெரியவில்லை. பொழுதுபட்டுப் போயிற்று, எங்களோடு தங்கும் என்று மறித்து வீட்டுக்குள் கூட்டிப்போய், பந்தியில் அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் கண் திறந்தது. வழியில் அந்தப் போதகர் மைக்கோடு நின்று கேட்டிருந்தால் அவர்கள் இரண்டு பேரும் கை தூக்கியிருப்பார்களா? உயிர்த்த அன்றைக்கே அவரோடு நடந்தவர்கள் அவர்கள்! மகதலா மரியா கல்லறைக்குப் பக்கத்தில் அவரைத் தோட்டக்காரர் என்றல்லவா நினைத்தாள்? பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதானே தெரிந்தது? எலியாவுக்கு ஓரேபு மலையில் பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் ஆண்டவர் இருக்கவில்லை. கடைசியில் வந்த மெல்லிய ஒலியில்தான். அதுவும், சாகவேண்டும் என்று கேட்டுவிட்டு ஒரு செடியின் கீழ் படுத்துக் கிடந்த மனிதனுக்கு.

உடனே சிலர் வருவார்கள், "பவுலுக்குத் தமஸ்கு வழியில் குரல் கேட்கவில்லையா?" என்று. கேட்டது. யார் இல்லை என்றது? குரல் கேட்ட பவுல் மூன்று நாள் கண் தெரியாமல் கிடந்தார், அனனியா என்ற ஒரு சாதாரண சீடர் வந்து தலையில் கை வைக்கும்வரை. அதே பவுல் தன் பிள்ளை போல வளர்த்த திமொத்தேயுவுக்கு எழுதும்போது, உனக்குக் குரல் கேட்டதா என்று கேட்கவில்லை. உன் பாட்டி லோயியிடமும் உன் தாய் யூனிக்கியிடமும் இருந்த விசுவாசம் உன்னிடமும் இருக்கிறது என்றுதான் எழுதினார். பாட்டியிடமிருந்து வந்த அழைத்தலும் அழைத்தல்தான்.

எனக்கும் அது அம்மம்மாவிடமிருந்துதான் வந்தது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் மெனிக்பாம் அகதி முகாமுக்குள் வந்து சேர்ந்தபோது அவரிடம் செபமாலை இல்லை. எங்கே விழுந்ததோ தெரியாது. தறப்பாள் கட்டிய நைலோன் கயிற்றில் மிச்சம் கிடந்த துண்டை எடுத்து, பத்து முடிச்சுப் போட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு முடிச்சுப் போட்டு, அதை வைத்துச் செபிப்பார். பின்நேரம் தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நிற்கும்போதும் கை சேலைக்குள் அந்தக் கயிற்றில்தான் இருக்கும். நைலோன் முடிச்சு வழுக்கிக்கொண்டு அவிழும். திரும்பவும் பல்லால் இழுத்து இறுக்குவார். ஒருநாள் நான் கேட்டேன், "அம்மம்மா, அவர் உங்களோட ஏதாவது கதைச்சவரே?" என்று. "ஒண்டும் கேட்டதில்லைப் பிள்ளை. அதுக்காகச் செபிக்காமல் விடேலுமே?" என்றார். அவ்வளவுதான். அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான் எனக்கு விசுவாசம் வந்தது. அவரிடம் போய் உங்களுக்குக் கடவுள் தம்மை வெளிப்படுத்தவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா?

"மடுவில் அற்புதங்கள் நடக்கவில்லையா, அதையும் மறுக்கிறீர்களா?" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மறுக்கவில்லைத் தம்பி. ஆவணி 15 திருநாளுக்கு நானும் மடு மாதா கோயிலுக்குப் போகிறவன்தான். கனவு கண்டவர்கள் இருப்பார்கள், குரல் கேட்டவர்களும் இருப்பார்கள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அங்கே காட்டுக்குள் கொட்டில் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டு, திருநாள் முடியப் பேசாமல் வீடு திரும்புகிற ஆயிரம் ஆயிரம் பேர் எதையும் கேட்டவர்கள் இல்லை. 2008 சித்திரையில் சண்டை மடுவை நெருங்கியபோது மாதாவின் சொரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. மாதாவும் எங்களோடு இடம்பெயர்ந்தார். அந்த வெளிப்பாடு எங்களுக்குக் காணும்.

ஒல்லாந்தர் காலத்தில் குருக்கள் யாரும் இல்லாமல் கிடந்த இந்த நாட்டுக்கு 1687இல் யோசேப்பு வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் வந்தார். கழுத்தில் செபமாலையைத் தெரியப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார், யார் அதை அடையாளம் காண்கிறார்கள் என்று பார்க்க. ஒளித்து ஒளித்து விசுவாசத்தைக் காத்தவர்களைக் கடவுள் அப்படித்தான் திரும்பக் கூப்பிட்டார், ஒரு பிச்சைக்காரரின் கழுத்தைக் காட்டி.

இன்னொருவர், "நீங்கள் இறையியல் படித்தவரா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இது சபைச் சண்டை என்றும் யாரும் திருப்பவேண்டாம். எங்கள் கத்தோலிக்கத் தியானங்களிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். அப்போதும் வயிறு எரிந்தது.

எல்லாவற்றையும் விட அந்தத் "தடை" என்ற சொல்தான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. பிறவியிலேயே பார்வை இல்லாதவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, அப்படியல்ல என்று அவரே சொன்னார். ஆண்டவர் இல்லை என்று சொன்னதை இவர்கள் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்த தாயிடம் ஆம் என்று சொல்கிறார்கள். செல் விழும்போது எங்களோடு பங்கருக்குள் இருக்காதவர்கள் வந்து, எங்கள் வீட்டில் என்ன பாவம் என்று தேடுகிறார்கள்.

இருந்தவர்கள் இருந்தார்கள். பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் கடைசிவரை மக்களோடு இருந்து, 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏறினார். இன்றுவரை அவரும் இல்லை. அவருடைய குடும்பத்தில் என்ன தடை? சொல்லுங்கள், கேட்போம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் என்று குந்திய அம்மாக்களுக்கு என்ன தடை? வெயிலிலும் மழையிலும் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார்களே, அவர்களை அங்கே இருத்தி வைத்திருப்பது யார் என்று நினைக்கிறீர்கள்?

தேவ அழைத்தலுக்காகச் செபிக்கும் ஞாயிறை 1964இல் இருந்து திருச்சபை கொண்டாடுகிறது. ஒவ்வொரு வருடமும் பேச வெளியில் இருந்து யாரையாவது கூட்டி வருகிறோம். வருகிற பாஸ்காக் காலத்தில் நல்லாயன் ஞாயிறன்று அந்த அம்மாக்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். பேச மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். முன்வரிசையில் கதிரை போட்டு இருத்துங்கள். காணிக்கை கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள். மைக்கை மட்டும் அவர் வாய்க்கு நேரே நீட்டாதீர்கள்.