ஷீலா எந்த இடத்தில் மாறுகிறாள்?

ஜே. பி. பிரீஸ்ட்லியின் 'அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தை மேடையேற்றுகிற பலரும் வகுப்பில் நடத்துகிற பலரும் ஷீலாவின் மனமாற்றத்தை முதல் அங்கத்திலேயே முடித்துவிடுகிறார்கள். இறந்துபோன ஒரு பெண்ணின் போட்டோவைப் பார்த்தாள், ஓடினாள், அழுதாள், திருந்திவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு இன்ஸ்பெக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற வேலை மட்டும்தான். இதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. அவளுடைய மனசாட்சிக்கு உண்மையான சோதனை மூன்றாம் அங்கத்தில்தான் வருகிறது.

கதை 1912 வசந்தத்தில், வட மிட்லண்ட்ஸில் பிரம்லி என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. ஆலை முதலாளி பர்லிங்கின் மகள் ஷீலாவுக்கும் ஜெரால்டுக்கும் நிச்சயதார்த்த விருந்து. ஈவா ஸ்மித் என்ற பெண் கிருமிநாசினி குடித்து இறந்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு இன்ஸ்பெக்டர் கூல் உள்ளே வருகிறார்.

வாரம் 22½ ஷில்லிங் கூலியை 25 ஆக்கச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தவர்களில் ஈவாவும் ஒருத்தி. 1910 செப்டம்பரில் பர்லிங் அவளை வேலையிலிருந்து நீக்கினார். இது தெரிந்ததும், அந்தப் பெண்கள் மலிவான கூலிகள் இல்லை, மனிதர்கள் என்கிறாள் ஷீலா. தேர்வுத்தாள்களில் அதிகம் எழுதப்படுகிற வரி இது. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு இழப்பதற்கு ஒன்றுமே இல்லை. தப்பு செய்தவர் அப்பா. சற்று முன்புதான், இறந்தவள் அழகா என்று கேட்டிருக்கிறாள். ஆகவே இந்த வரியை மேடை முழக்கமாக்கக் கூடாது. நல்ல மனசுள்ள, வசதியான வீட்டுப் பெண்ணின் வாயிலிருந்து சட்டென்று வருகிற இரக்கம் அது, அவ்வளவுதான்.

அடுத்து அவளுடைய முறை. மில்வர்ட்ஸ் துணிக்கடையில் தனக்குப் பொருந்தாத உடை அங்கே வேலை பார்த்த ஈவாவுக்குப் பொருந்தியது, அவள் சிரித்த மாதிரியும் தெரிந்தது. அவளை அனுப்பாவிட்டால் அம்மாவிடம் சொல்லி இந்தக் கடையில் கணக்கையே முடித்துவிடுவேன் என்று மேனேஜரை மிரட்டினாள் ஷீலா. 1911 ஜனவரி முடிவதற்குள் ஈவாவுக்கு வேலை போயிற்று. இதைச் சொல்லும்போது ஷீலா இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறாள்: அந்தப் பெண் பார்க்கச் சுமாராக, பரிதாபமாக இருந்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன். நாடகத்திலேயே நேர்மையான வாக்குமூலம் இதுதான் என்பேன். நடிகை தேம்பிக்கொண்டே பேசினால் இந்த வாக்கியம் யார் காதிலும் விழாது. பிரதியிலேயே வழி இருக்கிறது: போட்டோவைப் பார்த்ததும் அவள் வெளியே ஓடுகிறாள், சில நிமிட வசனம் கழித்து அழுத முகத்தோடு திரும்புகிறாள். அழுகையைத் திரைக்குப் பின்னாலேயே முடித்துவிட்டு வரட்டும். உள்ளே வந்தபின் குரல் தெளிவாக இருக்க வேண்டும்.

போட்டோ விஷயத்தில் இயக்குநர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்ஸ்பெக்டர் அதை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும்தான் காட்டுகிறார். பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்க்க முடிகிற மாதிரி ஆட்களை நிறுத்திவிட்டால், எல்லோரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா என்று பின்னால் எழும் சந்தேகம் செத்துப்போகும்.

இரண்டாம் அங்கத்தில் அம்மாவிடம், நமக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே சுவர் எழுப்பாதீர்கள், இன்ஸ்பெக்டர் இடித்துவிடுவார் என்று கெஞ்சுகிறாள். ஈவாவின் வயிற்றில் வளர்ந்த குழந்தைக்குத் தகப்பன் எவனோ அவனைத் தண்டியுங்கள் என்று அம்மா பேசிக்கொண்டே போக, அது தன் சகோதரன் எரிக் என்பது அம்மாவுக்கு முன்பே ஷீலாவுக்குப் புரிந்துவிடுகிறது. இதை இன்ஸ்பெக்டருக்குக் கைகொடுப்பதுபோல் நடிப்பது தப்பு. அவள் தன் அம்மாவைக் காப்பாற்றப் பார்க்கிறாள்.

மூன்றாம் அங்கத்தில் கூல் என்று ஒரு இன்ஸ்பெக்டரே கிடையாது என்று தெரிகிறது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், அப்படி யாரும் இறக்கவில்லை என்கிறார்கள். பெரியவர்களுக்கு உயிர் வந்துவிடுகிறது, ஜெரால்டுக்கும்தான். ஷீலாவுக்கும் எரிக்குக்கும் மட்டும் அந்த நிம்மதி இல்லை. குற்றத்துக்குச் சாட்சியும் இல்லை, பிணமும் இல்லை. ஆனாலும் நாம் செய்தது செய்ததுதானே என்கிறாள் அவள். இன்ஸ்பெக்டர் எதிரில் நிற்கும்போது வருந்துவது பெரிய காரியமில்லை. எல்லாம் பொய் என்று ஆனபிறகும் வருந்துகிறாளே, அது பெரிய காரியம்.

இரண்டாம் அங்கத்தில் ஷீலா திருப்பிக் கொடுத்த நிச்சயதார்த்த மோதிரத்தை ஜெரால்டு இப்போது மறுபடி நீட்டுகிறான். இப்போது வேண்டாம், யோசிக்க வேண்டும் என்கிறாள். சில தயாரிப்புகளில் இதை ஆவேசமான மறுப்பாக்கி, இசையும் போட்டுவிடுகிறார்கள். பிரதியில் தயக்கம்தான் இருக்கிறது, அந்தத் தயக்கம் அப்படியே வேண்டும். கடைசியில் வரும் டெலிபோன் மணியையும் அவசரப்பட்டு அடிக்கக் கூடாது. இளைய தலைமுறையைக் கேலி செய்து பர்லிங் பேசும் வரி நடுவில் இருக்கிறது. அது பார்வையாளர்களுக்குக் கேட்கட்டும். ஒரு பெண் இறந்துவிட்டாள் என்ற செய்தி வருவதற்கு முன்பே ஷீலா முடிவெடுத்துவிட்டாள் என்பது அப்போதுதான் பதியும்.

அந்த மோதிரத்துக்கு வேறொரு கணக்கும் உண்டு. ஜெரால்டின் அப்பா பர்லிங்கின் போட்டி நிறுவனத்து முதலாளி. இந்தக் கல்யாணத்தால் இரண்டு நிறுவனங்களும் கைகோத்து, செலவைக் குறைத்து விலையை ஏற்றலாம் என்று பர்லிங் விருந்திலேயே வெளிப்படையாகச் சொல்கிறார். குறையப்போகிற செலவில் ஈவா மாதிரிப் பெண்களின் கூலியும் அடக்கம். 1912இல் ஷீலாவுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு கிடையாது, ஆலையில் அவள் பேச்சும் எடுபடாது. அப்பாவின் கணக்கில் கைவைக்க அவளிடம் இருந்தது அந்த மோதிரம் ஒன்றுதான், அதை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.