டார்குவீனியைத் தோற்றவர் பட்டியலில் வைக்காதீர்கள்

"ஃபார்முலா 1-ன் மோசமான டிரைவர்கள்" என்று ஒரு பட்டியல் அவ்வப்போது டைம்லைனில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் இத்தாலிய டிரைவர் கேப்ரியேலே டார்குவீனி பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். இந்த முறை எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் காட்டும் கணக்கு பொய்யில்லை. 78 கிராண்ட் ப்ரீக்குப் பெயர் கொடுத்தார், ஓட்டியது 38. மீதி 40 தடவை கிரிட்டுக்கே, அதாவது பந்தயம் தொடங்கும் வரிசைக்கே, வரவில்லை. எல்லாம் சேர்த்து எடுத்தது 1 புள்ளி. இவ்வளவு தடவை பந்தயத்துக்கு முன்பே வெளியேறியவர் வேறு யாரும் இல்லை. இங்கேயே நிறுத்திக்கொண்டால் சிரிக்கத்தான் தோன்றும்.

ஆனால் அந்த 40 எப்படி வந்தது? 1989-ல் ஃபார்முலா 1-ல் கூட்டம் அதிகம், 39 கார்கள் வரை வந்தன. தகுதிச் சுற்றில் 30 கார்களுக்குத்தான் இடம், பந்தயத்தில் 26. அதனால் சின்ன அணிகளுக்கு மட்டும் முன்தகுதிச் சுற்று என்று ஒன்றை வைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கும், ஒரு மணி நேரம். 13 கார்களில் 4 மட்டும் உள்ளே போகும். மற்ற 9 பேரும் பெரிய அணிகள் பயிற்சிக்கு இறங்கும் முன்பே லாரியில் காரை ஏற்ற வேண்டியதுதான். ஒரு வருடம் முழுக்க உழைத்த உழைப்புக்குக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம். கியர்பாக்ஸ் மக்கர் செய்தாலும், நல்ல சுற்றில் எவனோ குறுக்கே வந்தாலும் கதை முடிந்தது.

டார்குவீனி அப்போது ஓட்டியது ஏஜிஎஸ் காரை. தெற்கு பிரான்சில் கோன்ஃபரோன் என்ற சிற்றூரின் கராஜ் ஒன்றில் முளைத்த அணி அது. காசு கிடையாது, ஆள் கிடையாது. அந்தக் காரை வைத்துக்கொண்டு 1989 மெக்சிகோவில் ஆறாவதாக வந்தார். அவருக்கு நேர் முன்னால் ஐந்தாவதாக முடித்தவர் பெரிய அணியான மெக்லாரனில் இருந்த உலக சாம்பியன் அலென் ப்ரோஸ்ட்! அந்த 1 புள்ளி வந்தது இப்படித்தான். அதே ஆண்டின் பிற்பாதியில், ஜெர்மனி பந்தயத்திலிருந்து, ஏஜிஎஸ் முன்தகுதிச் சுற்றுக்குத் தள்ளப்பட்டது. அந்த ஆண்டு முடியும் வரை அதைத் தாண்டவே முடியவில்லை. மெக்சிகோவில் ஓட்டத் தெரிந்தவருக்கு ஜெர்மனியில் மறந்துபோய்விட்டதா என்ன? 1992-ல் ஃபோண்ட்மெட்டல் என்ற அணிக்காக ஓட்டினார். அந்த அணி சீசன் முடியும் முன்பே கடையை மூடியது.

இனி அந்தப் பட்டியல்காரர்கள் சொல்லாமல் விடும் பகுதி.

1994-ல் ஆல்ஃபா ரோமியோ அவரைப் பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்புக்கு அனுப்பியது. கடையில் விற்கும் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டுவதுதான் டூரிங் கார். காரின் பெயர் 155. போன வேகத்தில் முதல் ஐந்து பந்தயங்களையும் வென்றார். மற்ற அணிகள் கொந்தளித்துவிட்டன. காரணம், முன்பக்க ஸ்ப்ளிட்டரும் (மூக்குக்கு அடியில் நீளும் தகடு) பின்பக்க இறக்கையும். விதிப்படி, விற்பனைக்கு வந்த காரில் உள்ளதுதான் பந்தயக் காரிலும் இருக்க வேண்டும். ஆல்ஃபா என்ன செய்தது? அந்த இறக்கைக்கான நீட்டிப்புத் துண்டுகளை விற்பனைக் காரின் டிக்கியில் போட்டுக் கொடுத்தது, வாங்கியவர் வேண்டுமானால் மாட்டிக்கொள்ளட்டும் என்று. புகார், மேல்முறையீடு என்று போய், ஓல்டன் பார்க் பந்தயத்தில் ஆல்ஃபா அணி மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறும் அளவுக்கு முற்றியது. பிறகு திரும்பி வந்தார்கள். நாக்ஹில் பந்தயத்தில் கார் உருண்ட பிறகும் அந்த ஆண்டுப் பட்டம் டார்குவீனிக்குத்தான்.

"இறக்கைதானே ஜெயித்தது" என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அவருடைய அணித் தோழர் ஜியாம்பியெரோ சிமோனிக்கும் அதே காரும் அதே இறக்கையும்தான் இருந்தன. அவர் ஏன் சாம்பியன் ஆகவில்லை?

டூரிங் கார் பந்தயம் என்றால் ஃபார்முலா 1-ல் தேறாதவர்கள் போய் ஒதுங்கும் இடம் என்ற நினைப்பு நம்மிடம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அங்கே கேட்கப்படும் திறமையே வேறு. ஃப்ரன்ட் வீல் டிரைவ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். காரை இழுப்பதும் முன் டயர்கள், திருப்புவதும் அவையே, பிரேக்கில் பெரும் சுமையைத் தாங்குவதும் அவையே. முதல் சுற்றுகளில் ஆசைப்பட்டு ஸ்டீயரிங்கை அதிகம் ஒடித்தால் கடைசிச் சுற்றுகளில் கார் வளைவில் திரும்பாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். ஆகவே காரின் வாலைக் கொஞ்சம் அலைய விட்டு, இடது காலால் பிரேக்கைத் தொட்டு மூக்கை உள்ளே திருப்புவார்கள். பின்னால் வருபவன் பம்பரில் முட்டிக்கொண்டிருப்பான், பக்கத்தில் இன்னொருவன் கதவோடு கதவாக உரசுவான். ஜெயித்தால் அடுத்த பந்தயத்துக்குக் காரில் எடை ஏற்றுவார்கள். உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் முதல் பந்தயத்தின் முதல் எட்டுப் பேரை அப்படியே தலைகீழாக்கித்தான் இரண்டாவது பந்தயத்தைத் தொடங்கினார்கள். எட்டாவதாக வந்தவர் முதலில் நிற்பார். எங்கே முட்டி மோத வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கணக்கு ஆண்டு முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இருபது வயதில் இது யாருக்கும் வாய்க்காது.

2003-ல் ஆல்ஃபா 156-ல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இன்று வேண்டாம். 2009 உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப்புக்கு வருகிறேன்.

அந்த ஆண்டு சியாட் அணியில் ஐந்து பேர். ஐவருக்கும் லெயோன் டீசல் கார். அதில் ஒருவர் முந்தைய ஆண்டு டார்குவீனியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி உலக சாம்பியனான பிரெஞ்சுக்காரர் இவான் முல்லர். சீசனின் கடைசிப் பந்தயங்கள் மக்காவில், தெருக்களையே வளைத்துப் போட்ட கியா சர்க்யூட்டில். இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு, மெல்கோ வளைவிலோ இரண்டு கார்கள் சேர்ந்து திரும்பவே இடமில்லை. அங்கே 4 புள்ளி வித்தியாசத்தில் முல்லரைத் தாண்டி உலக சாம்பியன் ஆனார். வயது 47. ஃபார்முலா 1-ன் பழைய ஜாம்பவான் ஃபான்ஜியோ தன் கடைசிப் பட்டத்தை வென்றபோது அவருக்கு 46.

இத்தோடு வீட்டுக்குப் போயிருந்தாலே போதும். அவர் போகவில்லை. ஹோண்டா, லாடா என்று ஓட்டிவிட்டு, 2017-ல் ஜெர்மனியின் அல்செனாவில் உள்ள ஹூண்டாய் மோட்டார்ஸ்போர்ட்டுக்காக ஐ30 என் டிசிஆர் காரை உருவாக்கும் சோதனை ஓட்டுநராகச் சேர்ந்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். டிசிஆர் என்பது காசு கொடுத்து எந்த அணியும் வாங்கிக்கொள்ளும் கார். சோதனை ஓட்டுநர் தன் கைக்குத் தோதாக மட்டும் அதைச் செதுக்க முடியாது, முன்பின் தெரியாதவர் ஏறி உட்கார்ந்தாலும் கார் சொன்னபடி கேட்க வேண்டும். சீனாவின் ஜெஜியாங்கில் முதன்முறை களம் இறங்கியபோதே அவர் கையில் அது வென்றது. மறு ஆண்டு வாங்கியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஓய்விலிருந்து திரும்பி வந்த அதே முல்லர், சொந்த அணியோடு!

ஆக 2018 டபிள்யூடிசிஆர் (டிசிஆர் கார்களுக்கான உலக டூரிங் கார் கோப்பை) பட்டத்துக்கு டார்குவீனி மோதியது, தான் பாடுபட்டுச் செதுக்கிய காரின் இன்னொரு பிரதியோடு. ஓட்டியவரோ அவரை நன்றாகப் படித்து வைத்திருந்த ஆள். மறுபடியும் மக்காவ், மறுபடியும் கடைசிப் பந்தயம் வரை இழுபறி. டார்குவீனி 306, முல்லர் 303. வெறும் 3 புள்ளி. அப்போது அவருக்கு வயது 56. காரைச் சுமாராகச் செய்திருந்தால் இந்தப் போட்டியே அவருக்கு வந்திருக்காது. நன்றாகச் செய்து கொடுத்தார், எதிராளிக்கும் அது கிடைத்தது, அப்படியும் ஜெயித்தார். பந்தய உலகில் இதைவிடப் பெரிய நேர்மை எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்த ஆண்டு, டார்குவீனி ஓட்டிய அதே பிஆர்சி என்ற ஹூண்டாய் அணியில் அவருடைய தோழர் நோர்பர்ட் மிச்செலிஸ் அதே ஐ30-ல் சாம்பியன் ஆனார். டார்குவீனி 2021 வரை ஓட்டிவிட்டு, 59 வயதில் இறங்கினார். 2022-ல் அதே அணிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது மிக்கேல் அஸ்கோனா. அஸ்கோனா பிறந்தது 1996-ல். டார்குவீனி அதற்கு இரண்டு ஆண்டு முன்பே பிரிட்டிஷ் சாம்பியன்.

பட்டியல் போடும் பக்கங்களுக்கு ஒன்று கேட்கிறேன். 40 என்ற எண்ணைப் போடுங்கள், தப்பில்லை. பக்கத்திலேயே 1994, 2003, 2009, 2018 என்ற நான்கு எண்களையும் போடுங்கள். இடம் பற்றவில்லை என்றால் அவர் பெயரையே எடுத்துவிடுங்கள்.