ஸ்லிப் எல்லாருக்கும் சொந்தமாகிவிடாது

அண்ணே, ஃபுளோரிடாவில் நீர்க்கரைக் குடியிருப்பில் வீடு வாங்கினாலே படகு நிறுத்தும் ஸ்லிப்பும் சொந்தம், யாருக்கு வேண்டுமானாலும் வாடகைக்கு விடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அங்கிருக்கும் பிள்ளைகளுக்குக் காரைக்குடியிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் இதை நம்பிவிடக் கூடாது.

சில இடங்களில் ஸ்லிப்புக்குத் தனிப் பத்திரம் உண்டு. பல இடங்களில் அது குடியிருப்பின் பொதுச் சொத்து, நமக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும்தான். நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் அறை ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு, நடுமுற்றமான வளவு பங்காளிகள் எல்லாருக்கும் என்று இருக்கிறதே, அப்படி. அதோடு, படகு ஓடும் இயற்கை நீர்நிலைகளின் அடித்தரை அங்கே பெரும்பாலும் மாநில அரசின் வசம். குடியிருப்போர் சங்கம் அதைக் குத்தகைக்கு எடுத்துப் படகுத்துறை கட்டியிருந்தால் அந்த நிபந்தனைகளும் சேர்ந்து வரும்.

குடியிருப்போருக்கு மட்டும் என்று சங்க விதி சொன்னால் வெளியாளுக்கு வாடகைக்கு விடவே முடியாது. காப்பீட்டுச் சான்றும் கேட்பார்கள். அப்புறம் படகின் நீளம்: பின்னால் தொங்கும் எஞ்சின், நீந்த இறங்கும் மேடை எல்லாம் சேர்த்தே பல இடங்களில் அளக்கிறார்கள். விளம்பரத்தில் போட்ட நீளத்தை வைத்து ஸ்லிப் எடுத்தால் படகு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

முன்பணம் கொடுக்கும் முன் சங்க விதிகளையும் ஸ்லிப்புக்கான ஆவணத்தையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.