நெட் கட்டினால் போதுமா?

ஈஸ்டர் விடுமுறை நெருங்கிவிட்டால், இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "டிராம்போலின் வாங்கலாம்னு இருக்கோம், எட்டடி எடுக்கலாமா, பத்தடியா?" (தோட்டத்தில் போட்டுப் பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் ஸ்பிரிங் விரிப்புதான் டிராம்போலின். நெட் என்பது அதைச் சுற்றிக் கட்டும் வலை.) உடனே பதில்கள் குவியும். எந்தக் கடையில் தள்ளுபடி, யார் வீட்டில் பழையது சும்மா கிடைக்கிறது, பூட்டுவதற்கு எத்தனை பேர் வேண்டும் என்றெல்லாம் பேசி முடித்த பிறகு, யாராவது ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "பசங்களுக்கு அது சேஃப்தானே?" அதற்கும் பதில் தயாராக இருக்கும். "நெட் வெச்சதா பாத்து வாங்குங்க. பயமே இல்ல."

எனக்கு வம்பு அந்தப் பதிலோடுதான். நெட் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. நெட் இல்லாத டிராம்போலினை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆனால் நெட் தடுப்பது பிள்ளை வெளியே வந்து விழுவதை மட்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்துப் பாருங்கள். மொத்தக் காயங்களில் வெளியே விழுவதால் வருபவை 27 முதல் 39 சதவீதம். ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் ஏறிக் குதித்தபோது ஏற்பட்டவையோ ஏறக்குறைய 75 சதவீதம் (ஒரே காயம் இரண்டு கணக்கிலும் வரலாம்). பிரிட்டனின் விபத்துத் தடுப்பு அமைப்பான ரோஸ்பாவும் கிட்டத்தட்ட இதே முக்கால் பங்குக் கணக்கைத்தான் சொல்கிறது. அதாவது பிள்ளைகளுக்கு அடிபடுவது பெரும்பாலும் நெட்டுக்கு உள்ளேதான். கூடக் குதித்த அண்ணனாலோ, சித்தப்பாவாலோ, பக்கத்து வீட்டுப் பையனாலோ.

அடிபடுவதும் யாருக்கு? அங்கே இருப்பவர்களில் சின்னவருக்கு. எடை குறைந்தவருக்குக் காயம் படும் வாய்ப்பு, எடை கூடியவரைவிட 14 மடங்கு வரை அதிகம் என்கிறது அதே அறிக்கை. முட்டி மோதிக்கொள்வதால்தான் இப்படி என்று பலர் நினைக்கிறார்கள். மோதலும் ஒரு காரணம்தான், ஆனால் அதைவிட மோசமான ஒன்று உண்டு. ஒருவரை ஒருவர் தொடவே வேண்டியதில்லை.

பெரியவர் ஒருவர் குதித்து இறங்கும்போது அந்தக் கறுப்பு விரிப்பு கீழே அமுங்கி, அவருடைய வேகத்தையெல்லாம் ஸ்பிரிங்குகளில் வாங்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த நொடியே அதைத் திருப்பிக் கொடுக்க மேலே எழும்புகிறது. சரியாக அந்த நேரத்தில் ஒரு சின்னப் பிள்ளை மேலேயிருந்து வந்து இறங்கினால், பிள்ளை கீழே வருகிறது, விரிப்பு மேலே வருகிறது. மெத்தென்று இருக்கும் என்று நாம் நம்பும் அந்த விரிப்பு அப்போது சிமெண்ட் தரை மாதிரி. 80 கிலோ ஆளும் 25 கிலோ பிள்ளையும் சேர்ந்து குதிப்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு, மோசமான தருணத்தில் பிள்ளைக்கு வந்து சேரும் அடி, 2.8 மீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான தரையில் விழுவதற்குச் சமம் என்கிறது. ஒன்பது அடிக்கு மேல். பிள்ளை விழவில்லை, யாரும் இடிக்கவில்லை, நெட் கிழியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவருக்கு நடந்ததே தெரியாது.

இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு இதனால் வரும் ஒரு காயத்துக்கு எலும்பு மருத்துவர்கள் டிராம்போலின் முறிவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியில் வரும் மெல்லிய முறிவு. எக்ஸ்ரேயில்கூடச் சில நேரம் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. பிள்ளை காலை ஊன்ற மாட்டேன் என்று அழும். அவ்வளவுதான் அறிகுறி. "விழவே இல்லையே, சும்மா குதிச்சுக்கிட்டுத்தானே இருந்தான்" என்று பெற்றோர் சொல்வதும் உண்மைதான். டிராம்போலினில் குதித்த பிறகு குழந்தை நடக்க மறுத்தால், எங்கேயும் வீங்கவில்லையே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படியே அங்கே கூட யார் குதித்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். முறிவைத் தேட வேண்டிய இடம் அதை வைத்துத்தான் அவருக்குப் பிடிபடும்.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, அபூர்வமாக வெயில். நாலு குடும்பம் கூடியிருக்கிறது. பெண்கள் அடுக்களையில், ஆண்கள் பார்பிக்யூ அடுப்பைச் சுற்றி நின்று கரி பிடிக்கவில்லை என்று ஆராய்ச்சி. (இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அது வேறு பதிவு.) பிள்ளைகள் தொந்தரவு பண்ணாமல் இருக்க வேண்டும். எங்கே அனுப்புவோம்? மூன்று வயதுக் குட்டியிலிருந்து பதினான்கு வயது அண்ணன் வரை அத்தனை பேரும் அந்த வட்டத்துக்குள். ஜிப்பை இழுத்து மூடிவிட்டால் ஓடிப்போக மாட்டார்கள் என்ற நிம்மதி வேறு. கொஞ்ச நேரத்தில், "மாமா, நீங்களும் வாங்க" என்று ஒரு குரல் வரும். மாமாவுக்கு 85 கிலோ. வருவார்.

அதோடு இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு 'கிராக் தி எக்' என்று ஒரு விளையாட்டு உண்டு. உங்கள் பிள்ளைக்கும் கட்டாயம் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். ஒருவர் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு முட்டை போல உட்கார வேண்டும். மற்றவர்கள் சுற்றிக் குதித்து, அவர் கைப்பிடி விட்டுப்போகிற வரை தூக்கித் தூக்கிப் போட வேண்டும். முட்டையாக உட்காருவது எப்போதும் இருப்பதிலேயே சின்னப் பிள்ளை. மேலே நான் விளக்கிய அந்த விபத்தைத் திட்டம் போட்டுச் செய்தால் எப்படி இருக்குமோ, அதுதான் இந்த விளையாட்டு. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு அது சிரிப்பு. அதைப் பார்த்து நாமும் சிரித்துக்கொண்டு வீடியோ எடுக்கிறோமே, அங்கேதான் இடிக்கிறது.

"நாங்க பக்கத்துலேயே நின்னு பாத்துக்கிறோம்" என்பது அடுத்த சமாதானம். காயங்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பெரியவர் ஒருவரின் கண்முன்னேயே நடந்தவை என்பதையும் அந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நடப்பதைப் பார்ப்பது வேறு, நடக்காமல் பார்ப்பது வேறு. டிராம்போலின் பக்கத்தில் நிற்கிறவரின் வேலை வேடிக்கை பார்ப்பதில்லை. "நீ இறங்கு, அடுத்து அவள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பது. பேருந்து நடத்துநர் வேலை. யாருக்கும் பிடிக்காது, நன்றியும் கிடைக்காது.

ஒலிம்பிக்ஸில் 2000ஆம் ஆண்டு சிட்னியிலிருந்து டிராம்போலின் ஒரு போட்டி. 2024இல் பாரிஸில் பிரிட்டனின் பிரையனி பேஜ் பெண்கள் பிரிவில் தங்கம் வென்றார். வாழ்நாள் முழுக்க இதையே பயின்றவர்கள் அவர்கள். அவர்களும் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏறுகிறார்கள். உலகப் போட்டிகளில் இரண்டு பேர் ஒரே அசைவில் சேர்ந்து குதிக்கும் பிரிவும் இருக்கிறது. அதை எப்படி நடத்துகிறார்கள் தெரியுமா? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தனித்தனி டிராம்போலின்களைப் போட்டு. உலக சாம்பியன்கள் இருவர் ஒன்றாக ஏறத் துணியாத விரிப்பில் நாம் ஆறு பேரை ஏற்றுகிறோம்.

சரி, அப்படியானால் வாங்கவே கூடாதா? மருத்துவர்களைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். அமெரிக்கச் சங்கம் 1999இலேயே வீட்டில் வேண்டாம் என்றது, 2012இலும் அதையே சொன்னது. கனடாவின் குழந்தை மருத்துவர்களும் விளையாட்டு மருத்துவர்களும் சேர்ந்து 2007இல் அதே முடிவுக்கு வந்தார்கள். ரோஸ்பா கொஞ்சம் இறங்கி வருகிறது: ஆறு வயதுக்குக் கீழே வேண்டாம், ஒரு நேரத்தில் ஒருவர்தான், குட்டிக்கரணம் கூடாது.

நான் ரோஸ்பா பக்கம். முழுக்கத் தடை என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பார்க்கில் இருக்கும் குரங்குக் கம்பியில் தொங்கிக் கை முறித்த பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அதற்காகக் கம்பியைப் பிடுங்கச் சொல்வதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வீட்டுக்குள் ஐபேடும் கையுமாகக் கிடக்கும் பிள்ளைக்கு, வெளியே போய் மூச்சு வாங்கக் குதிப்பது நல்லதுதான். ஆனால் சைக்கிளோடு இதை ஒப்பிட்டு, "எல்லாத்துலயும்தான் ரிஸ்க் இருக்கு" என்று முடித்துவிடுவதையும் ஏற்க மாட்டேன். சைக்கிளில் பழகப் பழகப் பிள்ளைக்கு நிதானம் வருகிறது. டிராம்போலினில் பழகப் பழகச் சாகசம் வருகிறது. வெறும் குதிப்பு ஒரு மாதத்தில் அலுத்துவிடும். அப்புறம் குட்டிக்கரணம். கழுத்தெலும்புக் காயங்களுக்கு முக்கியக் காரணமே குட்டிக்கரணமும் அதில் தவறி விழுவதும்தான். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் வந்தால் மாவுக்கட்டோடு போகிற விஷயமாக இருக்காது.

உண்மையான சிக்கல் இதுதான்: ஒருவர் மட்டும் குதிக்கும் டிராம்போலின் பத்து நிமிடத்தில் போரடிக்கும். நாம் வாங்குவது பிள்ளைகள் கூடி விளையாடட்டும் என்று. அது பாதுகாப்பாக இருப்பதோ தனியாகக் குதித்தால் மட்டும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அட்டைப்பெட்டியின் மேல் படத்தில் மூன்று பிள்ளைகள் கைகோத்துக் குதிப்பார்கள். டிராம்போலினின் இரும்புச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைத் தாளில் மட்டும், ஒரு நேரத்தில் ஒருவர், மோதல் அபாயம் என்று இருக்கும். நம்பவில்லையென்றால் உங்கள் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள்.

அதனால் யாராவது என்னைக் கேட்டால், நான் பதிலுக்கு வீட்டு நிலவரத்தைக் கேட்பேன். ஆறு வயது தாண்டிய ஒரே பிள்ளையா, அல்லது முறை வைத்துக் காத்திருக்கத் தெரிந்த இரண்டு பிள்ளைகளா? வாங்குங்கள். இரண்டு வயதில் ஒன்று, ஏழில் ஒன்று, பதினொன்றில் ஒன்று, வாரா வாரம் விருந்தாளிகள் வேறு என்றால், அந்தக் காசுக்கு ஒரு பேட்மிண்டன் நெட்டும் கால்பந்து கோலும் வாங்கலாம், மிச்சமும் இருக்கும். பிள்ளைக்கு இதில்தான் ஆசை என்றால் உங்கள் ஊர் ஜிம்னாஸ்டிக்ஸ் கிளப்பில் விசாரியுங்கள். அங்கே பயிற்சியாளர் இருப்பார், முறையாகச் சொல்லிக் கொடுப்பார், ஒவ்வொருவராக ஏற்றுவார்.

வாங்கிவிட்டவர்களுக்குச் சில விஷயங்கள். சிமெண்ட் தளத்தில் போடாதீர்கள், புல்தரையில் போடுங்கள். வேலி, மரம், ஷெட் எல்லாவற்றிலிருந்தும் சுற்றிலும் இரண்டரை மீட்டர் இடைவெளி வேண்டும். இங்குள்ள புது வீடுகளின் தோட்டங்களில் பாதிக்கு இந்தக் கணக்கே ஒத்துவராது. ஸ்பிரிங்கை மூடும் பஞ்சுப் பட்டையும் நெட்டும் இந்த ஊர் மழையிலும் வெயிலிலும் சில ஆண்டுகளில் நைந்துபோகும். காயங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று ஸ்பிரிங்கிலும் சட்டத்திலும் பட்டு வருவதால், பழையதை வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் கையால் இழுத்துப் பாருங்கள். புயலுக்கு முன் கட்டிப் போடுங்கள். பறந்துபோய்த் தண்டவாளத்தில் விழுந்து ரயிலை நிறுத்தும் டிராம்போலின்களைப் பற்றி, இங்கே தண்டவாளங்களைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனம் ஒவ்வொரு குளிர்காலமும் கெஞ்சிக்கொண்டிருக்கிறது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் அலெக்ஸாண்டர் உருவாக்கிய, ஸ்பிரிங்குக்குப் பதில் வளையும் கண்ணாடியிழைக் கம்பி வைத்த வகை இருக்கிறது. விலை அதிகம், ஆனால் இரும்பில் இடிபடும் பிரச்சினையை நன்றாகவே தீர்க்கிறது. தரையில் குழி தோண்டிப் பதிக்கும் வகை உயரத்தைக் குறைக்கிறது. இரண்டாவது ஆள் ஏறினால் இரண்டும் ஒன்றுதான்.

சென்னை நண்பர்கள் சிலர் மால்களில் இருக்கும் டிராம்போலின் பார்க்குகளைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட இடங்கள் பெருகிய காலத்தில், அங்கே அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 2010இல் 600க்கும் கீழே இருந்து 2014இல் 7,000ஐ நெருங்கியது. டிக்கெட் எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு விரிப்பில் ஒருவர்தான் என்பதை ஊழியர்கள் விசிலடித்தாவது நடத்துகிறார்களா, சின்னப் பிள்ளைகளுக்குத் தனி இடமோ தனி நேரமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"நாங்கல்லாம் கிணத்துல குதிச்சு வளந்தவங்க, எங்களுக்கு என்ன ஆச்சு?" என்று பின்னூட்டம் வரும், எனக்குத் தெரியும். ஒன்றும் ஆகாதவர்கள்தான் இன்று பின்னூட்டம் போட இருக்கிறார்கள். அது மட்டுமில்லை. கிணற்றில் எவ்வளவு உயரத்திலிருந்து குதிப்பது என்பதைக் குதிக்கிறவன் முடிவு செய்தான். இங்கே மூன்று வயதுப் பிள்ளை எவ்வளவு உயரம் போக வேண்டும் என்பதை 85 கிலோ மாமா முடிவு செய்கிறார், அவருக்கே தெரியாமல்.

கோடையில் வீட்டில் பிறந்தநாள் வைக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. இருபது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக ஏற்றி இறக்க உங்களால் முடியாது, யாராலும் முடியாது. அன்றைக்கு மட்டும் காலையிலேயே ஏணியைக் கழற்றி ஷெட்டில் பூட்டிவிடுங்கள். நெட் வாசலையும் கேபிள் டை போட்டுக் கட்டிவிடுங்கள். பிள்ளைகள் கேட்டால் ரிப்பேர் என்று சொல்லுங்கள். அழைப்பிதழில் டிராம்போலின் படம் போடாமல் இருந்தால் இன்னும் வசதி.