நிமிராமல் பார்த்தவர்கள்

போன வாரம் காட்பாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நண்பன் ஒருவன் சொன்னான்: "சீரியல் பாக்கிறவங்களுக்கு சினிமாவே புரியாதுடா. ஒரே மூஞ்ச மூணு தடவ காட்டுறான், அதையும் உக்காந்து பாக்குதுங்க." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் பதில் தோன்றியது. நமக்கு எப்போதும் அப்படித்தானே. இங்கே எழுதிவிடுகிறேன், அவனும் படிப்பான்.

நான் வளர்ந்தது குடியாத்தம் பக்கம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பீடி சுற்றுவார்கள். ராத்திரி சோறு முடிந்ததும் அம்மா, அத்தை, ஆயா, பக்கத்து வீட்டு அக்கா என நாலு பேரும் சுவரோரம் காலை நீட்டி உட்காருவார்கள். ஆளுக்கொரு முறம் மடியில். அதில் ஒரு பக்கம் நனைத்து வெட்டிய இலை, ஒரு பக்கம் தூள். இலையை எடு, தூளை வை, உருட்டு, நூலைச் சுற்று, முனையை மடக்கு. ஒரு பீடி. இப்படி ஆயிரம் சேர்ந்தால்தான் கூலிக் கணக்கே ஆரம்பிக்கும். எதிரே டிவியில் 'மெட்டி ஒலி' சீரியல் ஓடும்.

2004-இல் எனக்கு ப்ளஸ் டூ பரீட்சை. ஒரு நாள் எரிச்சலில் எழுந்து போய் டிவி சத்தத்தை மொத்தமாகக் குறைத்துவிட்டேன். படம்தான் ஓடுகிறதே, பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைப்பு. கொஞ்ச நேரத்தில் நாலு முறமும் நின்றுவிட்டன. நாலு பேரும் தலையைத் தூக்கித் திரையை வெறிக்கிறார்கள், கை ஓடவில்லை. ஆயா சொன்னார்: "டேய், சத்தம் வை. கண்ண அதுக்குக் குடுத்துட்டா இதுக்கு யாரு கண்ணு குடுப்பா?" அன்றைக்குக் கணக்கில் எண்பது குறைந்தது. மறுநாள் பீடிக் கடையில் லூசாக இருக்கிறது என்று கொஞ்சம் தள்ளியும் விட்டார்கள். அந்தத் திட்டும் எனக்குத்தான் விழுந்தது.

அவர்கள் சீரியலைப் பார்க்கவே இல்லை, கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒரே விஷயத்தை அம்மாவிடம் ஒருமுறை, அக்காவிடம் ஒருமுறை, போனில் ஒருமுறை சொல்கிறார்களே என்று நாம் கிண்டல் செய்கிறோம். நூல் அறுந்து, முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் ஒரு வசனம் போய்விடும். இரண்டாவது தடவை வரும்போது பிடித்துக்கொள்ளலாம். கதவு திறந்ததும் "வாங்க மாமா, எப்ப வந்தீங்க?" என்று பெயரும் உறவுமாகக் கூப்பிடுவது வந்தது யாரென்று முறத்துக்குத் தெரியத்தான். எழுதுகிறவர்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதினார்களா என்றால், எழுதியிருப்பார்கள் என்றுதான் நான் நம்புகிறேன்.

இதொன்றும் டிவி கண்டுபிடித்ததில்லை. எங்கள் வட ஆர்க்காட்டில் கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். ராத்திரி முழுக்கக் கூத்து. வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று தான் யார், எந்த ஊர் ராஜா என்று பாடிவிட்டுத்தான் வெளியே வருவார். அவர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் திரும்பப் பாடுவார். பாதி சனம் பாயில் படுத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்கும். அதைக் கலை என்று ஒத்துக்கொள்கிற என் நண்பன், அதே வேலையைச் சீரியல் செய்தால் ஏன் சிரிக்கிறான்? சினிமா ரசிகர்கள் மட்டும் ஒழுங்கா என்ன. கேசட் காலத்தில் டீக்கடை டீக்கடையாக 'விதி' பட வசனத்தை ஓடவிட்டுக் கோர்ட் சீனைக் கேட்டுக்கொண்டு நின்றது யார்?

அப்புறம், ரசனை. டீக்கடையில் நாங்கள் ரஜினியா கமலா என்று அடித்துக்கொண்டதில் நியாயம் அநியாயம் ஒன்றும் கிடையாது, கட்சி மட்டும்தான். முறத்தைச் சுற்றி நடந்த சண்டை வேறு மாதிரி. திருமுருகன் இயக்கிய அந்த 'மெட்டி ஒலி'யில் அஞ்சு பெண்களைப் பெற்ற ஓர் அப்பா. அவர்களில் ஒருத்தி சரோ, புருஷன் மாணிக்கத்திடமும் மாமியாரிடமும் படாத பாடு படுவாள். அவள் அந்த வீட்டை விட்டு வரவேண்டுமா கூடாதா என்று எங்கள் வீட்டில் மாசக்கணக்கில் வழக்கு நடந்தது. "இன்னாத்துக்கு அங்க கெடந்து சாவறா, வந்துட வேண்டியதுதான" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. "வந்தா? அந்தப் பெரியவருக்கு மீதிப் பொண்ணுங்க கீதே" என்பார் ஆயா. அத்தை மட்டும் வாயைத் திறக்கமாட்டார். புருஷன் வீட்டை விட்டு வந்து எங்களோடு இருந்தவர் அவர். அவர் எதிரில் இந்த வழக்கு நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். யார் எதைச் சொன்னாலும் அவருக்கும் சேர்த்துத்தான் சொன்னார்கள். ஒருநாள் அவரே, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு, "வந்து பாத்தாத் தெரியும், அவ்ளோ ஒண்ணும் கஷ்டமில்ல" என்றார். அதற்கப்புறம் சரோ வரவேண்டும் என்ற கட்சிக்கு எங்கள் வீட்டில் மெஜாரிட்டி.

2023-இல் 'விடுதலை' பார்க்க அதே அத்தையை வேலூருக்குக் கூட்டிப்போனேன். மாணிக்கமாக நடித்த சேத்தன் அதில் கொடுமைக்கார போலீஸ் அதிகாரி. அவர் திரையில் வந்ததும் அத்தை பக்கத்து சீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார்: "இருவது வருஷமாச்சு, இவன் இன்னும் திருந்தல பாரு." முன் வரிசையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அத்தனை பேரும் நாற்பது வயதுக்கு மேல்.

எல்லா சீரியலும் உசத்தி என்று நான் சொல்லவரவில்லை. பாலில் விஷம், படிக்கட்டில் எண்ணெய், கோமாவில் ஆறு மாசம். இதையெல்லாம் தாங்கமுடியாது. என் பெரிய குறை வேறு. இப்போது வசனத்தை நம்பாமல் முறைப்பையும் இடிச் சத்தத்தையும் நம்பி எடுக்கிறார்கள். மொபைலில் ஒரு நிமிஷத் துண்டாக வெட்டிப் போட அது வசதி. கேட்டுக்கொண்டே வேலை செய்கிறவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. "இன்னாடா இது, டமால் டமால்னு கீது, யாரும் பேசமாட்டேங்குறாங்க" என்று அம்மா கேட்கிறார். நியாயமான விமர்சனம்.

'எதிர்நீச்சல்' வந்தபோது அம்மாவுக்குப் பழைய சுகம் திரும்பியது. 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம்தான் அதையும் எடுத்தார், ஆட்கள் நின்று பேசினார்கள். ஆதி குணசேகரனாக மாரிமுத்து. "இந்தாம்மா, ஏய்" என்று அவர் ஆரம்பித்தால், அந்த வீட்டுப் பெண்கள் என்ன முகத்தோடு நிற்பார்கள் என்பதுகூடப் பார்க்காமலே தெரிந்துவிடும். அந்த ஆளைத் திட்டிக்கொண்டே அவர் குரலுக்காகக் காத்திருப்பார் அம்மா. 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி, அந்தத் தொடருக்கே டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரிமுத்துவுக்கு முடியாமல் போனது, இறந்துவிட்டார். அன்று அம்மா முறத்தைத் தொடவில்லை.

பிறகு அந்த வேஷத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர், மீசையும் கம்பீரமும் குறைவில்லை. "பரவாயில்லையாம்மா?" என்று கேட்டேன். "ஆளு மாறினா எனக்கின்னாப்பா, நான் எங்க ஆளப் பாத்தேன்" என்றார். ஆனால் அந்த முதல் வாரம் முழுக்க, குணசேகரன் பேச ஆரம்பித்த ஒவ்வொரு தடவையும், அதுவரை டிவி பக்கம் திரும்பாதவர், கையிலிருந்த பீடியை அப்படியே வைத்துவிட்டு, தலையைத் தூக்கி, யார் பேசுவது என்று பார்த்துவிட்டுத்தான் குனிந்தார்.