ஓம் மணி பத்மே ஹூம்: ஒரு வரி அர்த்தம் போதுமா?

"தாமரைக்குள் இருக்கும் ரத்தினமே, போற்றி." ஓம் மணி பத்மே ஹூம் என்ற பௌத்த மந்திரத்துக்கு இதுதான் அர்த்தம் என்று ஒரு படம் மறுபடியும் சுற்றி வருகிறது. எனக்கே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் ஒரு நண்பர் கூடவே கேட்டிருந்தார்: "அர்த்தம் இவ்வளவுதானே, இதைப் போய் தினமும் நூத்தியெட்டு தடவை ஏன் சொல்றே?" அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது.

முதலில் இலக்கணத்தை முடித்துவிடுகிறேன். 'பத்மே' என்பதைத் தனியாகப் பிரித்து ஏழாம் வேற்றுமையாக எடுத்தால்தான் 'தாமரைக்குள்' என்று வரும். அப்படியானால் 'மணி'யும் தனிச்சொல்லாகி, வடமொழி முதல் வேற்றுமைக்குரிய விசர்க்கத்தோடு, அதாவது ஈற்றில் 'ஃ' போன்ற ஒலியோடு, நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மணிபத்மே ஒரே தொகைச்சொல், விளி வேற்றுமை என்று கொள்வதே அறிஞர் பலரின் முடிவு. தாமரைக்குள் ரத்தினம் என்பது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் பிரபலமாக்கிய வாசிப்பு.

இந்த மந்திரத்தை மையமாகக் கொண்ட காரண்டவியூக சூத்திரம் அதற்குப் பதவுரை சொல்வதே இல்லை. ஒரு கதை சொல்கிறது. இந்த ஆறெழுத்து மந்திரத்தைத் தேடிப் புறப்படும் ஒரு போதிசத்துவரை, அதாவது புத்தநிலையை நோக்கிச் செல்பவரை, வாரணாசியில் இருக்கும் ஓர் உபதேசியிடம் அனுப்புகிறார் புத்தர். அந்த ஆள் துறவொழுக்கம் தவறியவர். மனைவி மக்களோடு வாழ்பவர். மேலாடை முழுக்க மலமும் மூத்திரமும். அவரைப் பார்த்ததும் மனதில் சந்தேகம் வரக்கூடாது என்று புத்தர் முன்கூட்டியே எச்சரிக்கிறார். கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரரின் இருதயம் என்று போற்றப்படும் எழுத்துகள் அந்த வாயிலிருந்துதான் கிடைக்கின்றன. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன். கருணையின் மந்திரம் வேறு யாரிடமிருந்து வந்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது.

பொருளை ஏற்றியவர்கள் பின்னால் வந்த ஆசிரியர்கள். தேவர் முதல் நரகர் வரை ஆறு பிறவிக் கதிகளுக்கும் ஆறெழுத்து. தானம், சீலம் என்று தொடங்கும் ஆறு பாரமிதைகளுக்கும், அதாவது போதிசத்துவர் முழுமையாக்க வேண்டிய பண்புகளுக்கும், அதே ஆறெழுத்து. 14ஆவது தலாய் லாமாவின் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: ஓம் என்பது நம் உடல், வாக்கு, மனம், மணி என்பது கருணை, பத்மம் ஞானம், ஹூம் அவை இரண்டையும் பிரிக்க முடியாமை. கருணையும் ஞானமும் ஒன்றாய்ச் சேர்ந்தால் இந்த உடலும் வாக்கும் மனமும் புத்தருடையவை போலத் தூய்மையாகும்.

"அப்படியென்றால் அவரவர் இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்லிக்கொள்ளலாமா?" என்று கேட்பீர்கள். இங்கேதான் இப்படிப்பட்ட மந்திரங்களைக் குறிக்கும் தாரணி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தரித்தல் என்று நாம் சொல்கிறோமே, அதே வேர். ஒரு போதனை முழுவதையும் ஓர் எழுத்து தாங்கிக்கொள்கிறது. ஞானத்தின் போதிசத்துவரான மஞ்சுஸ்ரீயின் மந்திரமான 'ஓம் அ ர ப ச ந தீஃ' அதற்கு நல்ல சான்று. அரபசந என்ற வரிசை பழைய காந்தார மொழியின் நெடுங்கணக்கிலிருந்து, அதாவது எழுத்து வரிசையிலிருந்து, வந்தது. அதன் முதல் ஐந்து எழுத்துகள் இவை. நம் அ, ஆ, இ, ஈ மாதிரி. பிரஜ்ஞாபாரமிதை (ஞானத்தின் நிறைவு) என்ற பௌத்த நூல்கள் அந்த நெடுங்கணக்கின் ஒவ்வொரு எழுத்திலும் ஒரு பாடத்தை வைத்தன. 'அ' என்றால் அநுத்பன்னம்: எதுவும் ஆதியிலிருந்தே தோன்றியதில்லை. 'ர' என்றால் ரஜஸ், அதாவது தூசு: எதிலும் அழுக்கு ஒட்டவில்லை. அரிச்சுவடி சொல்லும் பிள்ளையின் வாயில், எதற்கும் தனித்த இயல்பில்லை என்ற சூனியதைத் தத்துவம்!

இதில் 'அ'வின் இடம் தனி. ஒரே எழுத்தில் பிரஜ்ஞாபாரமிதை என்று ஒரு குட்டிச் சூத்திரமே இருக்கிறது, அந்த ஓரெழுத்து 'அ'தான். தமிழ் படித்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். க் என்ற மெய் தனியே ஒலிக்காது. அகரம் ஏறினால்தான் க. அங்காத்தால், அதாவது வாயைத் திறந்தால் போதும், அகரம் வந்துவிடும். ஜப்பானில் ஷிங்கோன் என்ற மந்திர பௌத்த மரபை நிறுவிய கூகாய் (774–835) இதையே பிடித்துக்கொண்டார். எல்லா ஒலியிலும் அகரம் உறைவதுபோல, எல்லாப் பொருளிலும் பிறவாமை உறைகிறது. அந்த மரபினர் இன்றும் வெண்தாமரை மேல் நிலவு வட்டம், அதில் சித்தம் என்ற பழைய இந்திய லிபியில் எழுதிய 'அ', இதன் முன்னால் அமர்ந்து மூச்சோடு தியானிக்கிறார்கள்.

"வெறும் அதிர்வு, அர்த்தமே கிடையாது" என்பவர்களோடு நான் ஒத்துப்போகாதது இதனால்தான். ஒலிதான் முக்கியம் என்றால் திபெத்தியர் 'பேமே ஹுங்' என்றும், ஜப்பானியர் ஸ்வாஹாவை 'சோவாகா' என்றும் சொல்கிறார்களே, அவர்கள் ஜபமெல்லாம் வீணா? அதே சமயம், மொழிபெயர்த்து முடித்துவிடலாம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. பிரஜ்ஞாபாரமிதை நூல்களில் ஒன்றான இருதய சூத்திரத்தைச் சீனத்தில் தந்த யுவான் சுவாங் 'கதே கதே பாரகதே' என்ற கடைசி வரியை மட்டும் ஒலியாகவே விட்டுவைத்தார். அர்த்தம் தெரியாமல் விட்டவர் அல்ல அவர்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஜபம் முடியும்போது திபெத்திய முறையில் அவர்கள் லிபியின் ஹூம் எழுத்தை மனதில் எழுதி, கீழிருந்து கரைக்கச் சொல்வார்கள். அடியிலிருக்கும் உகரக் கொக்கி மேலே உள்ள சிறிய அகரத்தில் கரையும். அது ஹகரத்தில். ஹகரத்தின் உடல் அதன் தலைக்கோட்டில். கோடு பிறையில், பிறை பிந்து என்ற புள்ளியில். பிந்துவும் நாதம் என்ற மெல்லிய இழையாகி அடங்கும். பிறகு எதுவும் இல்லை, அதில் சற்று நேரம் இருக்க வேண்டும்.

பல நாட்கள் பிறைக்கு வருவதற்குள் என் மனம் எங்கோ போய்விடுகிறது. நாதம் வரை போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்பா இறந்த பதினோராம் நாள் அதில் ஒன்று. அன்று அர்த்தம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை, எல்லா அர்த்தமும் அங்கேயே இருந்தது. அதனால்தான் நூற்றெட்டு தடவை, நண்பா. நாளைக்கும் உட்காருவேன்.