ராபர்ட் பிளான்ட் திரும்பிப் போகாதது நல்லதுதான்

லெட் செப்பெலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ரசிகர்களிடம் அதன் பாடகர் ராபர்ட் பிளான்ட் பெயரை எடுத்தால் போதும், "மனுஷன் மட்டும் சரின்னு சொல்லியிருந்தா..." என்று புலம்ப ஆரம்பித்துவிடுவார்கள். 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் ஒரே ஒரு இரவு அந்தக் குழு மறுபடி சேர்ந்து வாசித்தது. டிக்கெட் கேட்டு இரண்டு கோடிப் பேர் விண்ணப்பித்ததாகச் செய்தி வந்தது. உலகம் சுற்றியிருந்தால் பணம் கொட்டியிருக்கும். இவரோ அடுத்த வருஷம் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி அலிசன் கிராஸுடன் பாடக் கிளம்பிவிட்டார்.

எனக்கு அவர்மேல் மரியாதை கூடியதே அங்கேதான்.

'பிளீஸ் ரீட் த லெட்டர்' என்று ஒரு பாட்டு. 1998இல் செப்பெலினின் கிதார்காரர் ஜிம்மி பேஜுடன் பண்ணிய ஆல்பத்தில் கிதார் முரட்டுத்தனமாக ஒலிக்கும், இவரும் விடாமல் அதற்கு மேலே ஏறிப் பாடுவார். அதையே 2007இல் 'ரெய்சிங் சாண்ட்' ஆல்பத்தில் அலிசனோடு பாடினார். வேகம் குறைந்துவிட்டது, ஃபிடில் வந்துவிட்டது. குரலை அடக்கி, அலிசன் மூச்சு விடும் இடத்தில் தானும் விட்டு, பக்கத்திலேயே நடக்கிறார். எழுபதுகளில் அரங்கமே அதிரக் கத்தியவரா இவர் என்று இருக்கும். 2009இல் அந்த ஆல்பத்துக்கு ஐந்து கிராமி. இந்தப் பாட்டுக்கும் அதில் ஒன்று.

திடீரென்று வந்த மாற்றமும் இல்லை. டிரம்மர் ஜான் பான்ஹம் 1980இல் இறந்ததும் குழுவைக் கலைத்தார்கள். எண்பதுகளில் இவர் தனியாகப் பண்ணிய ஆல்பங்களில் சின்தசைசர் கொஞ்சம் ஓவர், எனக்கு ஒட்டவில்லை. ஆனால் வட ஆப்பிரிக்க இசைமேல் இருந்த பைத்தியம் மட்டும் அவரை விடவே இல்லை. (செப்பெலினின் 'காஷ்மீர்' பாட்டைக்கூட மொராக்கோ பாலைவனச் சாலையில்தான் எழுதினார், காஷ்மீரைப் பார்க்காமலேயே!) 2003இல் மாலி நாட்டுப் பாலைவன விழாவில் போய்ப் பாடினார். பிறகு காம்பியாவின் ஜுல்தே கமாராவைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். அவர் வாசிக்கும் ரிட்டி என்ற ஃபிடிலில் ஒரே ஒரு தந்திதான். அது நுழைந்ததும் பழைய செப்பெலின் பாட்டுகள்கூட வேறு ஊர்ப் பாட்டாக மாறிவிடுகின்றன.

இப்போது வயது எழுபத்தைந்தைத் தாண்டியாயிற்று. 2025இல் 'சேவிங் கிரேஸ்' என்ற குழுவோடு ஆல்பம் போட்டிருக்கிறார். கூடப் பாடும் சூசி டயனுக்குத் தாராளமாக இடம் விடுகிறார்.

இவரைக் கேட்டதே இல்லை என்பவர்கள் அந்த 'லெட்டர்' பாட்டிலிருந்தே தொடங்கலாம். இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள், 1998தான் முதலில்.